எண்ணெய் விலையும் மக்கள் சினமும்

உப்பு விலை ஏறினால் அடுக்களை முணுமுணுக்கும். துணி விலை ஏறினால் தீபாவளி மாதத்தில் குடும்பத் தலைவன் முணுமுணுப்பான். பெட்ரோல் விலை ஏறினாலோ நாடு முழுவதும் ஒரே இரவில் கொதித்தெழுகின்றது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உப்பு ஏறினால் உப்பு ஒன்றே ஏறும். பெட்ரோலும் டீசலும் ஏறினால், அந்த உப்பைச் சுமந்து வரும் லோரியின் கூலி ஏறும். மீன் பிடிக்கக் கடலுக்குப் போகும் படகின் செலவு ஏறும். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பஸ் கட்டணம் ஏறும். வேலைக்குப் போகும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிள் அவன் சம்பளத்தைத் தின்னத் தொடங்கும். சொந்தக் கார் என்பதைக் கனவிலும் காணாத ஏழையின் சோற்றுத் தட்டையும் அவ்விலை வந்து தொடும். ஆகவே மக்கள் சினம் கொள்வது இயல்பு, நியாயமுமாகும்.

எனினும், சினம் கொள்வது வேறு; சினத்துக்குக் காரணமானதை அறிவது வேறு. "எண்ணெய் ஏறிவிட்டது" என்று நாம் சொல்லும்போது, மழை பெய்துவிட்டது, வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதைப் போலவே சொல்லுகின்றோம். மழையை யாரும் தீர்மானிப்பதில்லை. விலையை மனிதர் தீர்மானிக்கின்றனர். தீர்மானித்தவர் யார், எங்கிருந்து தீர்மானித்தார், எந்தக் கணக்கைக் கொண்டு தீர்மானித்தார் என்று கேளாதவரையில், நம் கோபம் பெட்ரோல் நிலையத்துக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஊழியர்மேல் விழுமேயன்றி, உரிய இடத்தைச் சென்று சேராது.

இந்நோக்கத்தோடு, 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலேசியாவில் நிகழ்ந்த பெரும் விலையேற்றத்தையும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் இங்கு ஆராயப் புகுகின்றோம். அந்த ஒரு நிகழ்ச்சியை நன்கு அறிந்துகொண்டால், எண்ணெய் விலை ஏறும் ஒவ்வொரு காலத்திலும் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

எண்ணெய் வாணிபம் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. 1892-ஆம் ஆண்டில் 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல், ருஷ்ய நாட்டு மண்ணெண்ணெயைத் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, சூயஸ் கால்வாயைக் கடந்து கீழ்த்திசை நோக்கி வந்தது. அதுவரை தகரத்தில் அடைத்து, மரப்பெட்டியில் வைத்து அனுப்பப்பட்ட பண்டம், அன்றுமுதல் கப்பல் வயிற்றிலேயே நிறைந்து வரலாயிற்று. அதனை அனுப்பியவர் லண்டன் வணிகர் மார்க்கஸ் சாமுவேல். அவர் வாணிபமே பின்னர் ஷெல் கம்பெனியாக வளர்ந்தது. சிங்கப்பூரை அடுத்த புக்கோம் தீவு அக்கம்பெனியின் சேமிப்பிடமாயிற்று. அப்பால் 1910 டிசம்பர் 22-ஆம் நாள் சரவாக்கிலுள்ள மிரியில், ஒரு குன்றின்மேல் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கண்டனர். அக்கிணறு 1972 வரையில் சுரந்தது.

ஆக, எண்ணெயைக் கண்டவரும், எடுத்தவரும், சுமந்தவரும், விற்றவரும் கம்பெனியாரே. விலை வைத்தவரும் அவரே. 1928-ஆம் ஆண்டில் உலகின் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளின் தலைவர்கள் ஸ்காட்லாந்திலுள்ள அக்னகாரி மாளிகையில் கூடி, ஒருவர் சந்தையில் ஒருவர் புகுந்து விலையைக் கெடுத்துக்கொள்ளாதிருக்க உடன்படிக்கை செய்துகொண்டனர். எண்ணெய் எடுக்கப்பட்ட மண்ணுக்குரிய மக்களும் அந்த மாளிகையில் இல்லை; எண்ணெயை வாங்கி விளக்கேற்றிய மக்களும் அங்கு இல்லை. சந்தை என்பது தானே ஓடும் ஆறு என்று சொல்வோர், ஆற்றுக்கு அணை கட்டியவரின் பெயரைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

இந்த ஏற்பாடு நெடுங்காலம் நிலைத்தது. 1960-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், எண்ணெய் நாடுகளைக் கலந்துகொள்ளாமலே கம்பெனிகள் கச்சா எண்ணெயின் அறிவிப்பு விலையைக் குறைத்தன. அந்த விலையைக் கொண்டே அந்நாடுகளின் வருமானம் கணக்கிடப்பட்டது. ஆதலின் அடுத்த மாதமே ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகளும் பாக்தாத் நகரில் கூடி, 'ஓபெக்' என்னும் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் சங்கத்தை நிறுவின. உலகம் அதனை அன்று பெரிதாக எண்ணவில்லை. பதின்மூன்று ஆண்டு கழித்து எண்ணிற்று.

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 16-ஆம் நாள் வளைகுடா நாடுகள் ஆறும் குவைத்தில் கூடி, பீப்பாய் ஒன்றுக்கு 3 டாலர் 1 காசாக இருந்த அறிவிப்பு விலையை 5 டாலர் 12 காசாக உயர்த்தின. மறுநாள் அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைக்கத் தீர்மானித்தன. டிசம்பரில் தெஹ்ரானில் கூடியவர்கள், 1974 ஜனவரி முதல் விலை 11 டாலர் 65 காசு என்றனர். மூன்று மாதத்துக்குள் விலை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று.

அந்தப் புயல் இக்கரைகளையும் தாக்கிற்று. 1974-ஆம் ஆண்டில் மலேசியாவில் விலைவாசி நூற்றுக்கு 17 வீதத்தையும், சிங்கப்பூரில் நூற்றுக்கு 22 வீதத்தையும் தாண்டி ஏறியது. மேல்நாடுகளில் தொழில் மந்தப்பட்டது. மந்தப்படவே ரப்பரின் விலை வீழ்ந்தது. வாங்கும் பண்டம் ஏற, விற்கும் பண்டம் இறங்க, நடுவில் அகப்பட்டவன் பால்மரத்தை நம்பிய குடியானவன். 1974 நவம்பரில் கெடாவிலுள்ள பாலிங் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான சிறுநில ரப்பர் விவசாயிகள் தெருவில் இறங்கினர். டிசம்பரில் கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காகத் திரண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அரேபிய மணற்பரப்பில் வைத்த விலை, கெடாவின் மலையடிவாரத்தில் ஒருவன் அடுப்பை அணைத்தது என்றால், எண்ணெயின் கை எவ்வளவு நீளமானது என்பதை நாம் உணரலாம்.

அதே 1974-ஆம் ஆண்டில்தான் மலேசிய சர்க்கார் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்தை இயற்றி, ஆகஸ்ட் 17-ஆம் நாள் 'பெட்ரோனாஸ்' என்னும் தேசியக் கம்பெனியை அமைத்தது. நாட்டின் மண்ணுக்கும் கடலுக்கும் அடியிலுள்ள எண்ணெய் முழுவதும் அதன் உடைமையாயிற்று. சட்டப்படி அக்கம்பெனி பிரதமரின் ஆணைக்கு உட்பட்டது. அந்நியக் கம்பெனியின் கையிலிருந்த செல்வம் நாட்டின் கைக்கு வந்ததைக் கண்டு மக்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. 'எண்ணெய் நம்முடையது, ஆகவே அது நமக்கு மலிவாகக் கிடைக்கும்' என்ற நம்பிக்கையும் உடன் பிறந்தது. இந்த நம்பிக்கையைப் பின்னர் ஆராய்வோம்.

1983-ஆம் ஆண்டில் பெட்ரோல், டீசல் விலைகளை நிர்ணயிக்க ஒரு முறை வகுக்கப்பட்டது. அது சிக்கலானதென்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு முதலில் சரக்கின் விலை. அது சிங்கப்பூர்ச் சந்தையில் நாள்தோறும் கணிக்கப்படும் விலையைத் தழுவியது. அதன்மேல் கொண்டுசெல்லும் செலவு, கம்பெனியின் இலாபம், பெட்ரோல் நிலையத்தாரின் பங்கு. இவற்றின் கூட்டுத்தொகை, சர்க்கார் நிர்ணயித்த விற்பனை விலைக்குக் குறைவாயிருந்தால், மிச்சத்தை சர்க்கார் வரியாக எடுத்துக்கொள்ளும். பெட்ரோலுக்கு அவ்வரியின் உச்ச அளவு லிட்டருக்கு 58.62 காசு. கூட்டுத்தொகை விற்பனை விலைக்கு மேற்பட்டால், வரியை விட்டுக்கொடுத்து, குறையைத் தன் கஜானாவிலிருந்து சர்க்கார் கட்டும். இதுவே உதவித்தொகை அல்லது மானியம் எனப்படுவது.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு. உலகச் சந்தையின் தினசரி ஆட்டம் வீட்டுக்குள் வராது. இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை என்ற கலக்கமில்லை. ஆனால் இதிலேயே ஒரு தீமையும் ஒளிந்திருந்தது. உலகில் விலை ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்பது வாங்குபவன் கண்ணுக்குத் தெரியாமலே போயிற்று. சர்க்கார் வரி வாங்கும் காலத்திலும் அவன் அதை அறியான். மானியம் கொடுக்கும் காலத்திலும் அறியான். அவன் அறிந்தது குழாயில் எழுதிய எண் ஒன்றுதான். கணக்கு மூடிக் கிடக்கும் வீட்டில், கடன் திறந்த அன்றுதான் சண்டை தொடங்கும்.

அந்த நாள் வந்த வகையைக் காண்போம். 2002-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய், அதாவது 159 லிட்டர், 20 டாலரை ஒட்டி விற்றது. பின் ஆண்டுக்காண்டு ஏறிற்று. சீனம் முதலிய நாடுகளில் தொழிற்சாலைகளும் மோட்டார் வண்டிகளும் பெருகின. எடுக்கும் எண்ணெயோ அதற்கேற்பப் பெருகவில்லை. ஈராக்கில் போர், நைஜீரியாவில் எண்ணெய்க் குழாய்களின்மேல் தாக்குதல், அமெரிக்க டாலரின் மதிப்பிலோ சரிவு. இவற்றோடு, எண்ணெயைக் கண்ணாலும் காணாமல் காகிதத்தில் வாங்கிக் காகிதத்தில் விற்கும் ஊக வியாபாரமும் பெருகியது. ஊக வியாபாரத்தின் பங்கு எவ்வளவு என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. தேவை மிகுந்து வரவு குறைந்தது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. 2008 ஜனவரி 2-ஆம் நாள் விலை முதன்முறையாக 100 டாலரைத் தொட்டது.

மலேசியாவில் 2006 பிப்ரவரி இறுதியில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 30 காசு உயர்த்தப்பட்டு, 1 வெள்ளி 92 காசாயிற்று. அப்போதே மக்கள் எதிர்த்தனர், கோலாலம்பூரில் பெட்ரோனாஸின் பெயர் தாங்கிய இரட்டைக் கோபுரத்தின் அடியிலேயே ஆர்ப்பாட்டம் நடந்தது, போலீஸார் கலைத்தனர். அதன் பின்னர் இரண்டேகால் ஆண்டு அந்த விலை அசையவில்லை. அக்காலத்துக்குள் உலகச் சந்தையில் 60 டாலரை ஒட்டியிருந்த கச்சா எண்ணெய் 120 டாலரைத் தாண்டிவிட்டது. வெளியில் வெள்ளம் இருமடங்கு உயர, உள்ளே தண்ணீர் அசையாதிருந்தது. அணையின்மேல் அழுத்தம் ஏறிக்கொண்டே போனதை அணைக்குக் கீழே குடியிருந்தவருக்கு யாரும் சொல்லவில்லை.

இடையே 2008 மார்ச் 8-ஆம் நாள் பொதுத் தேர்தல் நடந்தது. ஆளுங்கூட்டணி பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. தேர்தல் கழிந்து மூன்று மாதம் நிறையவில்லை. ஜூன் 4-ஆம் நாள் பிரதமர் அப்துல்லா அகமது படாவி அறிவித்தார்: நள்ளிரவு முதல் பெட்ரோல் 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசு, டீசல் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசு. பெட்ரோலுக்கு நூற்றுக்கு 41 வீதமும், டீசலுக்கு நூற்றுக்கு 63 வீதமும் ஒரே இரவில் ஏறின. அன்று மாலை நாடெங்கும் பெட்ரோல் நிலையங்களின் முன் வண்டிகள் நெடுந்தூரம் வரிசையாய் நின்றன. நள்ளிரவுக்குள் தொட்டியை நிரப்பிக்கொண்டால் சில வெள்ளி மிஞ்சும் என்பதற்காக மக்கள் மணிக்கணக்கில் காத்து நின்றனர். அந்த வரிசை பேராசைக்காரர் வரிசையன்று. தம் வாழ்வைப் பற்றிய தீர்மானம் எங்கோ நடந்து முடிந்துவிட்டது என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்னரே அறிந்தவர்களின் வரிசை அது.

பின் வந்த மாதங்களைக் கணக்கே சொல்லும். மே மாதத்தில் நூற்றுக்கு 3.8 வீதமாயிருந்த விலைவாசி ஏற்றம், ஜூனில் 7.7 ஆகவும், ஜூலையில் 8.5 ஆகவும் உயர்ந்தது. ஜூலை 6-ஆம் நாள் கிளானா ஜெயா விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கண்டனம் தெரிவித்தனர்.

மக்கள் அன்று சுமத்திய குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து எடைபோடுவோம். 'எண்ணெய் விளையும் நாட்டில் எண்ணெய்க்கு ஏன் இவ்விலை?' என்பது முதற் கேள்வி. இக்கேள்வி நேர்மையானது, ஆயினும் முழுமையானதன்று. மலேசியாவின் தாப்பிஸ் என்னும் கச்சா எண்ணெய் உயர்ந்த தரத்தது. உலகில் நல்ல விலை பெறுவது. அதை வெளியே விற்றுவிட்டு, சுத்திகரிப்பு ஆலைகளுக்கு வெளிநாட்டுக் கச்சா எண்ணெயையும் வாங்குவது வழக்கம். உள்நாட்டில் மலிவாக விற்ற ஒவ்வொரு லிட்டரும், வெளியே விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தை விட்டுக்கொடுத்த லிட்டராகும். அப்பணம் யாருடையது? பெட்ரோனாஸ் நாட்டின் உடைமையாதலின், அது மக்களுடையதே. பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் வரக்கூடிய பணம், புகைக்குழாய் வழியே போயிற்று. மலிவு என்று நாம் கொண்டாடியதற்கும் நாமே விலை கொடுத்தோம். கொடுத்தது தெரியாமல் கொடுத்தோம்.

ஆனால் இதனைச் சொல்லி சர்க்காரைத் தப்பவிடுவது நம் எண்ணமன்று. 'அப்படியாயின் மிச்சமாகும் பணம் எங்கே போகின்றது? கணக்கைக் காட்டுங்கள்' என்பது மக்களின் இரண்டாவது கேள்வி. இதற்கு விடை சொல்லுவது சர்க்காரின் கடமை. எண்ணெய் வருமானம் நாட்டின் கஜானாவுக்கு மிகப் பெரிய தூண். அதை எந்த ஆண்டில் எதற்குச் செலவிட்டனர் என்பதைக் குடிமகன் எளிதில் படித்தறியும் வகையில் வைக்காதவரையில், 'மானியம் சுமையாகிவிட்டது' என்ற சொல் அவன் காதில் ஏறாது. வீட்டுத் தலைவன் பெட்டியின் சாவியைக் காட்டாமல், பிள்ளைகளை மட்டும் பட்டினி கிடக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

மூன்றாவது கேள்வி, மானியம் யாருக்குப் பயன்பட்டது என்பது. இதை மக்கள் அதிகமாய்க் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். லிட்டருக்கு 50 காசு மானியம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 லிட்டர் போடும் மோட்டார் சைக்கிள்காரனுக்குப் 10 வெள்ளி கிடைக்கின்றது. மூன்று கார் வைத்து 400 லிட்டர் எரிக்கும் செல்வருக்கு 200 வெள்ளி கிடைக்கின்றது. பஸ்ஸில் போகும் தாய்க்கு நேராகக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஏழையின் பெயரைச் சொல்லி வாங்கிய மானியத்தில் பெரும்பங்கு பணக்காரன் தொட்டிக்குப் போயிற்று. எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில் விலை கூடுதலாயிருந்ததால், ஒரு பங்கு கள்ளக் கடத்தலாகவும் கரைந்தது.

விலையை ஏற்றிய பின் சர்க்கார் அளித்த நிவாரணமும் இதே கோணலோடு வந்தது. 2,000 சி.சி. வரையுள்ள கார் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 625 வெள்ளி, 250 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு 150 வெள்ளி. அஞ்சலகத்தில் பெற்றுக்கொள்ளலாம் என்றனர். லிட்டருக்கு 78 காசு ஏற்றம் என்ற கணக்கில், கார்க்காரருக்கு ஏறக்குறைய 800 லிட்டருக்கும், மோட்டார் சைக்கிள்காரருக்கு ஏறக்குறைய 190 லிட்டருக்கும் ஈடு கிடைத்தது. வண்டியே இல்லாதவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. அவரும் அரிசிக்கும் காய்கறிக்கும் மீனுக்கும் கூடுதல் விலை கொடுத்தாரே! தோட்டத்தை விட்டுப் பட்டணத்தின் ஓரத்துக்கு வந்து, பஸ்ஸை நம்பித் தொழிற்சாலைக்குப் போன நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களிலும் இப்படிப்பட்டவர் உண்டு. எரிப்பவனுக்கு ஈடு, உண்பவனுக்கு இல்லை என்பது எந்த நீதி?

நான்காவது கேள்வி வியாபாரிகளைப் பற்றியது. 2008 ஜூலை 11-ஆம் நாள் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் 147 டாலர் வரையில் ஏறிற்று. பின்னர் அமெரிக்காவில் தொடங்கிய பண நெருக்கடி உலகைச் சூழவே, டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. மலேசிய சர்க்காரும் ஆகஸ்ட் முதல் படிப்படியாய்க் குறைத்து, டிசம்பரில் பெட்ரோலை 1 வெள்ளி 80 காசுக்குக் கொண்டுவந்தது. அதாவது ஜூன் மாதத்து ஏற்றத்துக்கு முன்பிருந்ததைவிடவும் 12 காசு குறைவு. எண்ணெய் ஏறியபோது மறுநாளே ஏறிய பண்டங்கள், எண்ணெய் இறங்கியபோது மறுநாளே இறங்கினவா? சந்தைக்குப் போய்வரும் எந்தத் தாயும் இதற்கு விடை சொல்வாள். விலை ஏறும்போது மின்தூக்கியில் ஏறும். இறங்கும்போது படிக்கட்டில் இறங்கும். பல சமயம் நடுப்படியிலேயே உட்கார்ந்துவிடும். உலகச் சந்தையைக் காரணங்காட்டி ஏற்றியவர்கள், அதே சந்தையைக் காரணங்காட்டி இறக்கக் கடமைப்பட்டவர்கள். இதைக் கண்காணிக்க வேண்டியது சர்க்கார். நினைவூட்ட வேண்டியது நாம்.

விலை என்பது தீர்மானமே என்பதற்கு நம் கண்முன்னுள்ள சான்று ஒன்று உண்டு. ஜோகூர்ப் பாலத்தின் இரு கரைகளையும் பாருங்கள். சிங்கப்பூரில் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை. ஆயினும் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் அங்குண்டு. மலேசியா தன் கணக்குக்கு அடிப்படையாய்க் கொள்ளும் விலையும் அச்சந்தையிலேயே பிறக்கின்றது. ஆயினும் குழாயருகே நின்று வாங்கும்போது, சிங்கப்பூரில் பெட்ரோல் ஜோகூரைவிட மிகக் கூடுதல். ஏன்? ஒரு சர்க்கார் மானியம் கொடுத்து விலையைத் தாழ்த்தியது. மற்றொரு சர்க்கார் வரி விதித்து உயர்த்தியது. சிங்கப்பூர் 2021 பிப்ரவரியில் அந்தத் தீர்வையை மேலும் கூட்டி, உயர்ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 79 காசும், நடுத்தர ரகத்துக்கு 66 காசும் ஆக்கியது. தன் குடிகள் அக்கரைக்குப் போய் மலிவு எண்ணெய் நிரப்புவதைத் தடுக்க, 1989-லேயே 'பாலம் கடக்கும் வண்டியின் தொட்டி பாதியேனும் நிறைந்திருக்க வேண்டும்' என்று விதித்து, 1991-ல் அதை முக்கால் தொட்டி ஆக்கியது. மலேசியாவும் 2010 முதல் தன் மானியப் பெட்ரோலை அயல்நாட்டு வண்டிகளுக்கு விற்கலாகாதென்று தடுத்தது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரமுள்ள பாலம், ஒரே சந்தைச் சரக்கு, இரண்டு விலை. இவ்வேற்றுமை கிணற்றில் பிறந்ததன்று. மந்திரி சபைகளில் பிறந்தது.

இவ்விரண்டில் எது சரி என்று ஒரு வரியில் தீர்ப்புக் கூற முடியாது. வரி விதிக்கும் நாட்டில் பஸ்ஸும் ரயிலும் நேரத்துக்கு வருமானால், ஏழை பெட்ரோலின்றியே வேலைக்குப் போய்விடுவான். அவனுக்கு அந்த வரி சுடாது. பஸ் வராத ஊரில் மானியத்தைப் பிடுங்கினால், அவனுக்குக் கால் முறிந்ததற்கு ஒப்பாகும். ஆதலின் விலையை மட்டும் தனியே பார்த்துப் பயனில்லை. விலைக்குப் பின்னே நிற்கும் பஸ்ஸையும், சம்பளத்தையும், ஊரின் அமைப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2008-க்குப் பின் நடந்தவையும் இதையே வற்புறுத்துகின்றன. 2014 டிசம்பர் 1-ஆம் நாள், உலகச் சந்தையில் விலை சரிந்துகொண்டிருந்த காலம் பார்த்து, மலேசியா பெட்ரோல், டீசல் மானியத்தை நீக்கியது. 2017 மார்ச் இறுதியிலிருந்து வாரந்தோறும் விலை அறிவிக்கப்பட்டது. 2018-ல் ஆட்சி மாறியதும் விலை மீண்டும் கட்டப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடைபட, லிட்டர் 1 வெள்ளி 25 காசுக்கும் இறங்கிற்று. 2021-ல் 2 வெள்ளி 5 காசு என்று உச்சவரம்பு வைத்தனர். மறு ஆண்டு உக்ரைன் போரால் உலக விலை பொங்கியபோதும் அவ்வரம்பு நின்றது. பழைய மானியச் சுமை முழுதும் திரும்பி வந்தது.

இங்கு வரலாற்றின் ஒரு திருப்பத்தைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. 1974-ல் பாலிங் குடியானவர்களுக்காகக் குரல் கொடுத்துச் சிறை சென்ற இளைஞர் தலைவர்களுள் ஒருவர் அன்வார் இப்ராஹிம். 2008-ல் எதிர்க்கட்சித் தலைவராய் நின்று, எண்ணெய் விலையைக் குறைக்க வேண்டுமென்று வாதாடியவரும் அவரே. 2022 நவம்பரில் அவர் பிரதமரானார். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் மானியத்தை நீக்கி, 2 வெள்ளி 15 காசாயிருந்த விலை 3 வெள்ளி 35 காசாவதற்கு ஆணையிட்டதும் அவர் சர்க்காரே. 2025 செப்டம்பர் இறுதியில் அதே சர்க்கார், அடையாள அட்டை காட்டும் குடிமக்களுக்கு மட்டும் மாத அளவு ஒன்றுக்கு உட்பட்டு 1 வெள்ளி 99 காசுக்குப் பெட்ரோல் தந்து, மற்றவர் சந்தை விலை கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. ஒருவரைப் பழிக்கவோ புகழவோ இதனைச் சொல்லவில்லை. வீதியில் நிற்கும்போது எளிதாய்த் தோன்றும் விடை, நாற்காலியில் அமர்ந்ததும் கடினமாகிவிடுகின்றது என்பதற்காகச் சொல்லுகின்றோம். ஆளை மாற்றினால் விலை மாறிவிடும் என்று நம்புவோர், கணக்கை மாற்றாமல் ஆளை மாற்றி என்ன பயன் என்பதையும் எண்ண வேண்டும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட இக்கதையில் நாம் காண்பது ஒன்றே. விலை வைப்போர் மாறினர். முதலில் மாளிகையில் கூடிய கம்பெனித் தலைவர்கள், பின்னர் சங்கம் அமைத்த எண்ணெய் நாடுகள், அதன்பின் சந்தையும் சர்க்காரும். மாறாதிருந்தவன், அறிவிப்பை நள்ளிரவுக்குச் சில மணி நேரம் முன் கேட்டறிந்த சாதாரண மனிதன். அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி விலை ஏறியது மட்டுமன்று. ஏறப்போவது ஏன் என்று அவனிடம் யாரும் சொல்லாததும் அநீதியே. 2006-க்கும் 2008-க்கும் இடையே மாதந்தோறும் கணக்கைத் திறந்து வைத்து, ஐந்து காசும் பத்துக் காசுமாக ஏற்றி, முன்கூட்டியே பஸ்களைப் பெருக்கி, வண்டியில்லாத குடும்பத்துக்கும் கையில் நிவாரணம் கொடுத்திருந்தால், 78 காசு இடியாக விழுந்திராது.

ஆதலின் மக்கள் சினத்தை நாம் அடக்கச் சொல்லவில்லை. அதற்குக் கண் வேண்டும் என்கின்றோம். விலை ஏறிய அன்று மட்டும் எழுந்து, இறங்கிய அன்று உறங்கிவிடும் கோபத்தால் ஆட்சியாளருக்கும் பயமில்லை, வியாபாரிக்கும் பயமில்லை. விலை தாழ்ந்திருக்கும் நாளிலேயே கேட்க வேண்டும்: இந்த மலிவுக்குப் பணம் கட்டுவது யார்? இதனால் அதிகம் பெறுபவர் யார்? எண்ணெய் வருமானம் எந்தப் பள்ளியில், எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் பஸ் தடத்தில் கண்ணுக்குத் தெரிகின்றது? நம் சங்கங்களிலும், தொழிற்சங்கக் கூட்டங்களிலும், வாசகசாலைகளிலும் இக்கேள்விகள் எழட்டும். இளைஞர்கள் வரவு செலவுத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பெரியோர்களுக்குப் படித்துச் சொல்லட்டும். கணக்குக் கேட்கத் தெரிந்த குடிமக்களிடம் எந்த சர்க்காரும் நள்ளிரவில் விலை சொல்லத் தயங்கும்.